அடுப்படி ஜெபம்

நம் வயதுக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு முழங்காலில்தான் வந்து நிற்கிறது. யாருக்கு மாற்றி வைத்தார்கள், யாருக்கு ஊசி போட்டார்கள், யார் மாடி வீட்டை விற்றுவிட்டுக் கீழ் வீடு பார்க்கிறார்கள் என்று. போன ஞாயிறு கோயிலில் முழங்கால்படியிடச் சொன்னபோது நம் வரிசையில் ஒருவரும் குனியவில்லை, பார்த்தீர்கள்தானே. எல்லாரும் தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எங்கள் கோச்சடை வீட்டுக் கோரைப்பாய் ஞாபகம் வந்தது. அன்று முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை.

சிவப்பும் பச்சையும் கோடு போட்ட பெரிய பாய். சாயங்காலம் ஏழு மணிக்கு அண்ணன் அதைக் கூடத்தில் விரிப்பான். தம்பியை உட்காரவைத்துப் பிடித்துக்கொள்வது என் வேலை. அப்பா குளித்துவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாயின் ஓரத்தில் வைப்பார். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், அதற்கப்புறம் முழங்கால். எழுந்திருக்கும்போது முட்டியில் பாயின் தடம் வரி வரியாகப் பதிந்திருக்கும். அண்ணனுக்கு ஆழமாகப் பதிந்திருக்கிறதா எனக்கா என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்தத் தடத்தை விரலால் தடவினால் ஒரு சுகம்.

அப்பா டவுனில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். ஜெபத்துக்குப் பேர்போனவர். கல்யாண வீடு, இழவு வீடு, புது வீடு எங்கே என்றாலும் "வாத்தியாரைக் கூப்பிடுங்க" என்பார்கள். குரல் அப்படி. வெண்கலத்தில் தட்டியது மாதிரி இருக்கும். வீட்டு ஜெபத்திலும் அவர் எதையும் சுருக்க மாட்டார். தேசத்தை ஆளுகிறவர்களில் ஆரம்பித்து, பிஷப், சபை ஐயர், எல்லையில் நிற்கிற சிப்பாய்கள், பிரயாணம் போகிறவர்கள், கட்டிலில் கிடக்கிறவர்கள், அநாதைகள் என்று வரிசையாக வருவார்கள். வீட்டுக்குத் தெற்கே போடி ரயில் போகும் பாதையில் சில நாள் சரக்கு வண்டி நீளமாகப் போகும். அண்ணன் என் காதில், "இப்ப எத்தனாவது பொட்டி?" என்பான். "இந்தச் சிறு குடும்பத்தையும் உமது கரத்தில் தருகிறோம்" என்று அப்பா சொன்னால் கார்டு வண்டி வந்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் மூவரும் அந்தக் கடைசிப் பெட்டியில் 'பிள்ளைகள்' என்ற ஒரே சொல்லில் ஏறிக்கொள்வோம்.

அம்மா அந்தப் பாயில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த நேரம் சோறு கொதிக்கும் நேரம். ஆமென் சொல்லும்போது மட்டும் ஈரக்கையோடு அடுப்படி வாசல் வரைக்கும் வந்து நிற்பாள். யாராவது விருந்தாளி, "தங்கச்சி ஒரு வார்த்தை ஜெபம் பண்ணட்டுமே" என்றால் அப்பா சிரித்துக்கொண்டே, "அவளுக்கு அதெல்லாம் வராது. அதுக்குப் பதிலா நல்லா சமைப்பா" என்பார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். அதில் குறை ஒன்றும் இருப்பதாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அம்மாவின் ஊர் பேரையூர்ப் பக்கம். கரிசல் காடு. கூலி வேலைக்குப் போன குடும்பம். அப்பா முதன்முதலில் வேலை பார்த்த பள்ளிக்கூடம் அங்கேதான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ஞானஸ்நானம் வாங்கினாள். அப்பாவின் அக்காவுக்கு, அதாவது எங்கள் அத்தைக்கு, அந்தக் கல்யாணத்தில் மனசே இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம்.

நான் சொல்ல வந்தது ஒரு கோடையைப் பற்றி. அந்த வருஷம் பள்ளிக்கூடம் முடிகிற சமயத்தில் அப்பாவின் தொண்டை கம்மத் தொடங்கியது. சளி என்றார்கள். பனங்கற்கண்டு, மிளகு, தூதுவளை எல்லாம் ஆயிற்று. குருத்து ஞாயிறன்று வாசிக்க எழுந்தவருக்குப் பாதி வசனத்தில் குரல் காற்றாகப் போயிற்று. டவுனில் ஒரு பெரிய டாக்டர் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நரம்பில் கட்டி என்றார். அறுவை முடிந்து அனுப்பும்போது அவர் அம்மாவிடம் ஒரே ஒரு கட்டளைதான் சொன்னாராம். "பேசக் கூடாது. ரகசியமாக்கூடப் பேசக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் சிரிக்கக்கூட வேணாம். மீறினா குரல் வரவே வராது."

அப்பா ஒரு சிலேட்டோடு வீட்டுக்கு வந்தார். கழுத்தில் கட்டு. கண் மட்டும் பெரிதாகிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். என் எழுத்தை எப்போதும் திருத்துகிறவர், அவசரத்தில் கோழி கிண்டின மாதிரி எழுதுவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

முதல் நாள் ஏழு மணிக்கு அண்ணன் வழக்கம்போலப் பாயை விரித்துவிட்டான். பாடினோம். அப்பா இல்லாமல் பாட்டு தலையில்லாத கோழி மாதிரி எங்கெங்கோ ஓடியது. அண்ணன் வாசித்தான். முழங்கால் போட்டோம். அப்புறம் ஒன்றுமில்லை. சோறு கொதிக்கிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் இறைத்தார்கள். அப்பா அண்ணன் தோளைத் தொட்டார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு அச்சாக அப்பா மாதிரியே, "தேசத்தை ஆளுகிற எல்லாரையும்..." என்று ஆரம்பித்தான். தம்பி களுக்கென்று சிரித்துவிட்டான். எனக்கும் அடக்க முடியவில்லை. அண்ணன் முகம் சிவந்து, "ஆமென்" என்று எழுந்து போய்விட்டான். அப்பா பாயைத் தானே சுருட்டினார்.

இரண்டு மூன்று நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பாய் வந்தார். டவுனில் பழைய வீதியொன்றில் பூட்டு, கீல், ஆணி விற்கிற கடை அவருக்கு. வந்தவர் நாற்காலியை இழுத்து அப்பா முன்னால் போட்டுக்கொண்டு, "சார், நீங்க பேசாதீங்க. உங்களுக்கும் சேத்து நானே பேசிட்டுப் போறேன்" என்றார். அப்பா தலையாட்டினார்.

"எங்க வீட்ல ராத்திரி சோத்துக்கு உலை வைக்கிறதே உங்க சத்தத்தைக் கேட்டுத்தான் சார். நீங்க ஆரம்பிச்சா அரிசி களைவா. நீங்க முடிச்சா சோறு வடிப்பா. இப்ப ஒண்ணு குழைஞ்சு போகுது, இல்லன்னா அரிசியாக் கெடக்குது. எம்புட்டு நாளைக்குத்தான் திங்கிறது? சீக்கிரம் நல்லாகி வாங்க. அஞ்சு வேளையும் உங்களுக்குத் துஆ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்ஷா அல்லா, சரியாப் போயிரும்."

அப்பாவுக்குச் சிரிப்பு முட்டியது. அம்மா பதறிப்போய், "அண்ணே, சிரிக்க வைக்காதீங்க, டாக்டர் திட்டுவாரு!" என்றாள். பாய் வாயைப் பொத்திக்கொண்டார். போகும்போது ஒரு பாட்டில் மலைத்தேன் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வாரம் பேரையூர் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். கூலிக்குப் போன அதே ஊரில் கொஞ்சம் நிலம் குத்தகைக்குப் பிடித்துப் பருத்தி போட்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் ஒரு பை நிறையச் சோளக்கதிர். கூடத்துக்குள் வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். அப்பா போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். மாமாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"மச்சான் பேச்சக் கேக்கத்தான் ஆத்தா இந்த வீட்டுக்கே வாரது" என்று அம்மாவிடம் சொன்னார். அப்புறம் அடுப்படிக்குப் போய் மடியிலிருந்து மஞ்சள் காகிதத்தில் மடித்த ஒன்றை அம்மா கையில் வைத்தார். அவர்கள் ஊர்க் காவல் தெய்வத்தின் கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிறு. "கட்டச் சொல்லல. உங்களுக்கு ஆகாதுன்னு தெரியும். வீட்ல கெடக்கட்டும். வேண்டிக்கிட்டேன், அம்புட்டுத்தான்" என்றார். அம்மா அவரையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அதைச் சுக்கு வைக்கிற டப்பாவில் போட்டு மூடினாள்.

வீட்டில் ஜெபம் நின்றுபோயிற்று என்று அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அத்தை இளம் வயதிலேயே தாலி இழந்தவர். ஒரு பெண்கள் விடுதியில் மேட்ரன். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, நடக்கும்போது உடம்பு லேசாக ஒரு பக்கம் சாயும். சாயங்காலமானால் பஸ் ஏறிக் கோச்சடை வந்துவிடுவார். "தம்பி வாய் மூடிக் கிடந்தா, வீடும் வாய் மூடிக் கிடக்கணுமா?" என்று அம்மாவைப் பார்க்காமலே கேட்டார். அன்றிலிருந்து பாய் மறுபடி விரிக்கப்பட்டது. அத்தையின் ஜெபத்தில் அப்பாவினுடையதைப்போல ஊர் உலகம் வராது. அழுகையும் அதட்டலுமாக இருக்கும். எங்களுக்குப் பயம். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். அம்மா வழக்கம்போல அடுப்படியில்.

ஒருநாள் அத்தை அப்பாவுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்க நினைத்தார். சுக்கு டப்பாவைத் திறந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மஞ்சள் காகிதத்தைப் பிரித்தார், பார்த்தார், மடித்தார், அதே இடத்தில் வைத்து மூடினார். கஷாயம் கொதித்தது. அம்மா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ஜெபம் ஆரம்பித்ததுமே அத்தையின் குரல் மாறியிருந்தது. "ஆண்டவரே, இந்த வீட்டுக்குள் ஒளித்துவைத்த அருவருப்பை நீர் அறிவீர். ஒரு கையால் உம்மையும் மறு கையால் வேறொன்றையும் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று நீர் அறிவீர். என் தம்பியின் வாய் யாரால் கட்டப்பட்டது என்று நீர் அறிவீர்..."

எனக்கு அப்போது சின்ன வயதுதான். ஆனாலும் யாரைச் சொல்கிறார் என்பது தெரிந்துவிட்டது. அடுப்படியில் அகப்பைச் சத்தம் நின்றது. திட்டினால் திருப்பித் திட்டலாம். குற்றம் சொன்னால் இல்லையென்று சொல்லலாம். ஜெபத்துக்கு நடுவில் புகுந்து யார் பேச முடியும்? அம்மாவால் முடியாது. அப்பாவாலோ சுத்தமாக முடியாது. நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தேன். அவரும் கண்ணைத் திறந்திருந்தார். ஜெப நேரத்தில் அப்பா கண் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்பா எழுந்தார். அத்தை கண்ணை மூடியபடி பேசிக்கொண்டேயிருந்தார். அப்பா சிலேட்டைக்கூட எடுக்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போனார். நானும் எழுந்து பின்னால் போனேன். அண்ணன் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அம்மா அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது, புகையினால் என்று சொல்லிவிடலாம். அப்பாவைப் பார்த்ததும் தட்டுத்தடுமாறி எழுந்தாள். "என்னங்க? தண்ணி வேணுமா? வலிக்குதா?"

அப்பா இல்லையென்று தலையாட்டினார். அந்தச் சாணி மெழுகின தரையில், உமியும் கரித்துகளும் கிடந்த இடத்தில், வெள்ளை வேட்டியோடு முழங்கால் போட்டார். கையைக் கூப்பினார். கண்ணை மூடினார். காத்திருந்தார்.

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. "எதுக்குங்க இங்க... மதினி அங்க..." என்றாள். அப்பா அசையவில்லை. அம்மா எங்களைப் பார்த்தாள். நாங்கள் என்ன செய்வது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் முழங்கால் போட்டோம். அவளும் மெதுவாக உட்கார்ந்து, சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். கூடத்தில் அத்தையின் குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது. அம்மா ஆரம்பித்தாள்.

"நான் காலைல சொன்னதுதான்யா."

ஆண்டவரிடம் அவ்வளவு சாதாரணமாக. சந்தைக்குப் போகிற வழியில் விட்ட பேச்சைத் திரும்பி வரும்போது தொடர்வார்களே, அதுபோல. அப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அம்மா கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"அவுகளுக்குத் தொண்டை ஆறட்டும். பேசலைன்னாலும் பரவால்ல, ஆளு இருந்தாப் போதும்னு நேத்து சொன்னேன்ல, அது அழுகையில சொன்னது. அத எடுத்துக்காதீங்க. பேசணும். அவுகளுக்குப் பேச்சுதான் சோறு. மதினிக்கு முட்டு வலி. அந்தக் காலோட பஸ் ஏறி அம்புட்டுத் தூரம் வாராக. எம்மேல கோவமா இருந்தாலும் தம்பிக்காக வாராக, பாத்துக்கங்க. எங்கண்ணன் குடுத்த கயிறு டப்பாவுல கெடக்கு. கும்பிடுறதுக்கு வைக்கலய்யா, உங்களுக்கே தெரியும். வெயில்ல வந்து குடுத்தான், தூக்கிப் போட மனசு வரல. அது தப்புன்னா எங்கிட்டச் சொல்லுங்க. மதினிகிட்டச் சொல்ல வேணாம்."

அப்பாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். சத்தம் வந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாவுக்கு அது தெரியாது. அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"பெரியவன் கோவக்காரன், கூட்டாளிகளோட சண்டை போடாம இருக்கணும். சின்னவனுக்குக் காது சீழ் நிக்கணும். நடுவுல உள்ளவ எதையும் வாயத் தொறந்து கேக்க மாட்டா. கேக்காத புள்ளைக்கு எது வேணும்னு எனக்குச் சில நேரம் புரியல. நீங்க அவளக் கொஞ்சம் கவனிச்சுக்கங்க."

அத்தனை நாளும் நான் 'பிள்ளைகள்' என்ற கூட்டத்தில் ஒருத்தி. என்னை மட்டும் தனியாக எடுத்து, இன்னது இவளுக்குக் குறை என்று கடவுளிடம் ஒருத்தர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்கிறேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்த வாசனை வந்தது. "ஐயோ சோறு" என்றாள் அம்மா, ஆமென் சொல்லாமலே எழுந்துவிட்டாள்.

திரும்பினால் அத்தை அடுப்படி வாசலில் நிற்கிறார். எப்போது ஜெபத்தை நிறுத்தினார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டார். "வாரேன்" என்று மட்டும் சொன்னார். அப்பா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து போனார்.

அத்தையை நான் பல வருஷம் வெறுத்தேன். வீட்டுக்கு வந்தால் எதிரில் போக மாட்டேன். அத்தை காலமான பிறகுதான் அப்பா ஒரு நாள், காலராவில் தாயும் தகப்பனும் இறந்த வாரத்தில் அக்கா தன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு விடாமல் ஜெபித்ததைச் சொன்னார். மிஞ்சின ஒரே ஆள் அப்பா. அவரும் போய்விடுவாரோ என்ற பயம் அத்தைக்கு. பயந்த மனுஷிக்கு யார் மேலாவது பழி போட்டால்தான் பிடிமானம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு அவர் வயது ஆக வேண்டியிருந்தது. அத்தை மறுபடியும் சில நாள் கழித்து வரத்தான் செய்தார். அம்மாவும் சுடுதண்ணீர் வைத்து அவர் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கத்தான் செய்தாள். கயிற்றைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

அந்தக் கோடை முழுக்க ஜெபம் அடுப்படியில்தான். வேர்த்து ஊற்றும். புகை கண்ணைக் கரிக்கும். வைகை வறண்டு, சாயங்காலக் காற்றில் சுட்ட மணல் வாசனை வரும். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சில நாள் ஜெபம் பண்ணுவாள். பாய் வீட்டுக்காரிக்கு உலை தவறுகிறதையும் ஒரு தடவை சொன்னாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தாலும் யாரும் எழுந்து போகவில்லை. இன்றைக்கு நம்மைப் பற்றி என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருப்போம். பகலில் செய்த எதை அவள் பார்த்திருக்கிறாள், எதைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

மறுபடி பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் டாக்டர், பேசலாம் என்றார். வந்தது பழைய குரல் இல்லை. காய்ந்த ஓலையை இழுத்த மாதிரி ஒரு குரல். அன்று சாயங்காலம் பாய் வீட்டார், அத்தை, ஐயர் எல்லாரும் கூடத்தில் கூடிவிட்டார்கள். வாத்தியார் இன்று ஜெபம் பண்ணுவார் என்று எல்லாருக்கும் எதிர்பார்ப்பு. அப்பா அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். "நீ பண்ணு" என்றார். அத்தனை பேர் முன்னால் அம்மாவுக்கு நாலு வார்த்தைதான் வந்தது. அப்பா ஆமென் சொன்னார்.

அதற்கப்புறம் அப்பா ரொம்ப வருஷம் இருந்தார். கோயிலில் எவ்வளவு வற்புறுத்தியும் எழுந்து ஜெபம் பண்ண மறுத்துவிட்டார். குரல் கெட்டுப்போன வெட்கம் என்று ஊர் சொன்னது. இருக்கலாம். எனக்கென்னவோ அவர் கேட்கப் பழகிவிட்டார் என்றுதான் தோன்றும்.

அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வந்து, கீழே மருந்துக் கடை இருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் ஆட்டோவில் போனேன். அடுப்படி எந்த மூலையில் இருந்தது என்று கணக்குப் போட முடியவில்லை.

நான் இருப்பது நாகமலை புதுக்கோட்டையில். வீட்டுக்காரர் போன பிறகு தனியாகத்தான். விடிகாலையில் போனில் ஜெபக் குழுவின் குரல் பதிவு வந்துவிடுகிறது. நல்ல குரல், பின்னால் இசையெல்லாம் உண்டு. கேட்கிறேன். நானும் தினமும் பண்ணுகிறேன். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், உங்கள் எல்லாருடைய பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் பண்ணுகிறேன். பண்ணுவதற்குக் குறைவில்லை. என்னைப் பற்றி யாராவது சொல்ல, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எத்தனை காலம் ஆகிறது என்றுதான் ஏக்கம். அம்மா போனதோடு அது போயிற்று.

இரண்டு வாரத்துக்கு முன் மகன் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வந்தான். பேசி முடித்து, வழக்கம்போல, "சரிம்மா, ஜெபம் பண்ணுங்க" என்றான். எனக்கு எப்படி வாயில் வந்தது என்று தெரியாது.

"இன்னைக்கு நீ பண்ணுய்யா. எனக்காகப் பண்ணு."

"நானா?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். காதோரம் அவனுக்கும் நரைத்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். கண்ணை மூடினான்.

"ஆண்டவரே, அம்மா..." என்றான். மறுபடி ஆரம்பித்தான். "அம்மா நல்லா இருக்கேன்னுதான் எப்பவும் சொல்றாங்க. நானும் சரின்னு வச்சிடறேன். அவங்க ராத்திரி சரியாச் சாப்பிடறதில்லன்னு எனக்குத் தெரியும். கேட்டா அழுதுருவாங்களோன்னு கேக்கறதில்ல."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அவன் கண்ணைத் திறக்கவில்லை. நானும் போனை வைக்கவில்லை.